பி.ஏ. ஃப்ரெஞ்ச் மூணு வருஷம் படிச்சேன், சேரலாமா வேணாமான்னு கேக்குறவங்களுக்கு

பி.ஏ. ஃப்ரெஞ்ச் முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் மாசத்துக்கு ரெண்டு பேராவது அந்த கோர்ஸ் எப்படி இருந்துச்சு, தம்பிய சேக்கலாமா, பொண்ண சேக்கலாமான்னு கேட்டுட்டுதான் இருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் அரைகுறையா பதில் சொல்லிட்டு போன வச்சப்புறம் அய்யோ இத சொல்லாம விட்டுட்டோமேன்னு தோணும், அதான் ஒரு தடவ உக்காந்து முழுசா எழுதிடலாம்னு. நான் படிச்ச காலேஜ் பேர சொல்லப் போறதில்ல, ஏன்னா நான் இங்க குறை சொல்றதும் பாராட்டுறதும் அந்த ஒரு காலேஜப் பத்தி இல்ல, இந்த கோர்ஸ் இருக்குற அமைப்பப் பத்தி, வேற வேற இடத்துல இதே படிப்பு படிச்ச ஃப்ரெண்ட்ஸ்கிட்ட பேசினா அவங்களும் கிட்டத்தட்ட இதேதான் சொல்றாங்க.

முதல்லயே சொல்லிடறேன், அஞ்சுக்கு நாலு குடுப்பேன். படிக்குறது, எழுதுறது, ஒரு வாக்கியத்த எடுத்து பிரிச்சு மேயுறது, இதுக்கெல்லாம் இந்த கோர்ஸ அடிச்சுக்க வேற எதுவும் இல்ல. ஆனா பேச வராது. மூணு வருஷம் முடிச்சு டிகிரி கைல வாங்கின அன்னைக்கும் கோர்ஸ மட்டும் நம்பி இருந்தவங்களுக்கு பேச வராது. அத தெரிஞ்சுக்கிட்டு சேர்ந்தா ஏமாற்றம் இல்ல, தெரியாம சேர்ந்தா ரெண்டாவது வருஷம் நடுவுல மனசு விட்டுப் போயிடும், என் கண்ணு முன்னாடியே நல்லா படிக்கிற மூணு பேர் அப்படி பாதில விட்டுட்டு போனாங்க, அது இன்னைக்கும் எனக்கு வருத்தம்தான்.

நான் சேரும்போது ஒரு எழுத்து கூட தெரியாது. அதனால முதல் செமஸ்டர் எனக்கு கண்ணக் கட்டி காட்டுல விட்ட மாதிரிதான் இருந்துச்சு. முதல் மாசத்துலயே மேடம் போர்டுல நாலு வார்த்த எழுதிப் போட்டாங்க. ஒண்ணுக்கு பச்சைன்னு அர்த்தம், ஒண்ணுக்கு கண்ணாடி கிளாஸ், ஒண்ணுக்கு 'அந்தப் பக்கம் நோக்கி', ஒண்ணுக்கு புழு. நாலுக்கும் ஸ்பெல்லிங் வேற வேற, ஆனா நாலையும் வாசிச்சா ஒரே சத்தம், நம்ம 'வேர்' மாதிரி, கடைசி ர் மட்டும் நாக்குல இல்லாம தொண்டையில உரசிட்டு வரும். கடைசில நிக்கிற எழுத்த பாதி இடத்துல வாய்விட்டு சொல்லவே மாட்டாங்க, வினைச்சொல்லுல 'அவன் பேசுறான்', 'அவங்க பேசுறாங்க' ரெண்டும் எழுத்துல வேற, காதுக்கு ரெண்டும் 'ஈல் பார்ல்'தான். எழுத்த நம்பி வாசிச்சா தப்பு, காத நம்பி எழுதினா அதவிட தப்பு. இது மண்டையில ஏறுறதுக்கே எனக்கு ரெண்டு மாசம் புடிச்சுது.

அப்புறம் அந்த உ சத்தம். உதட்ட 'ஊ' சொல்ற மாதிரி குவிச்சு வச்சுக்கிட்டு, அத அசைக்காம, உள்ள நாக்கு மட்டும் 'ஈ' சொல்லணும். இதுல என்ன பெரிய விஷயம்னு தோணும், ஆனா 'மேல'ங்கிற வார்த்தைக்கும் 'கீழ'ங்கிற வார்த்தைக்கும் இந்த ஒரு சத்தம்தான் வித்தியாசம், ஒண்ணுல நம்ம சாதாரண ஊ, இன்னொண்ணுல இந்த குவிச்ச ஈ. புக்கு மேஜைக்கு மேல இருக்கா கீழ இருக்கான்னு உதடுதான் முடிவு பண்ணும். கண்ணாடி முன்னாடி நின்னு தினமும் அஞ்சு நிமிஷம் சொல்லிப் பாத்தாதான் வரும், வேற குறுக்கு வழி இல்ல.

ஆனா மூக்குல வர்ற உயிரெழுத்துக்கு மட்டும் யாரும் பயப்படாதீங்க. கிளாஸ்ல பாதிப் பேர் அதுக்கு தவிச்சாங்க, அப்ப மேடம் 'மரம்'னு சொல்லு பாப்போம்னு ஒருத்தர எழுப்பி சொல்லச் சொன்னாங்க. நிறுத்தி நிதானமா 'மரம்'னு உதட்ட மூடி சொன்னாங்க அவங்க. "அப்படி இல்லப்பா, வீட்டுல எப்படி சொல்லுவ, அப்படி சொல்லு"ன்னாங்க. சொன்னப்ப கடைசில ம் வரவே இல்ல, உதடு மூடவே இல்ல, சத்தம் மூக்கு வழியா போச்சு. "அதேதான் இது, நீங்க பொறந்ததுல இருந்து சொல்லிட்டு இருக்கீங்க"ன்னாங்க மேடம். நான், அவன், பழம், எல்லாமே பேச்சுல அப்படித்தான் முடியுது, நாம கவனிச்சதே இல்ல. அன்னைக்கு எனக்கு ஏதோ ஒரு கதவு தொறந்த மாதிரி இருந்துச்சு, உண்மையாவே.

இங்கதான் என்னோட பெரிய குறையும் ஆரம்பிக்குது. இப்படி தமிழ்ல இருந்து ஃப்ரெஞ்சுக்கு போனது அந்த ஒரு மேடம் மட்டும்தான். மத்த எல்லா பேப்பருமே இங்கிலீஷ் வழியாதான் நடந்துச்சு, புக்குல விளக்கம் இங்கிலீஷ், நோட்ஸ் இங்கிலீஷ், மொழிபெயர்ப்பு பேப்பர் கூட இங்கிலீஷ்ல இருந்து ஃப்ரெஞ்சு. இங்கிலீஷ் தெரிஞ்சா ஃப்ரெஞ்ச் ஈஸின்னு ஒரு பேச்சு இருக்கு, அதுல பாதிதான் உண்மை. 1066ல நார்மன்காரங்க இங்கிலாந்த புடிச்சதுக்கப்புறம் ஏகப்பட்ட ஃப்ரெஞ்ச் வார்த்தைங்க இங்கிலீஷ்க்குள்ள போச்சு, அதனால பாத்தவுடனே தெரிஞ்ச முகம் மாதிரி இருக்கும். ஆனா அதுல நெறைய பேர் முகம் மட்டும்தான் ஒண்ணு. 'லிப்ரேரி'ன்னா லைப்ரரி இல்ல, புத்தகக் கடை. லைப்ரரிக்கு 'பிப்லியோதேக்'. 'ஆக்துயெல்மான்'னா 'ஆக்சுவலி' இல்ல, 'இப்போதைக்கு'. 'அசிஸ்தே'ன்னா பெரும்பாலும் உதவி பண்றது இல்ல, ஒரு நிகழ்ச்சிக்கு போய் கலந்துக்கிறது. முதல் வருஷ எக்ஸாம்ல நான் இழந்த மார்க்ல பெரும்பகுதி இந்த மாதிரி வார்த்தைங்ககிட்டதான்.

இலக்கணத்துலயும் அதே கதைதான். ரெண்டாவது வருஷம் ஒரு லெட்டர் எழுதச் சொன்னாங்க, வெளியூர்ல இருக்குற ஃப்ரெண்டுக்கு. 'ஐ மிஸ் யூ'ன்னு எழுத நெனச்சு, நான், மிஸ் பண்றேன், உன்னன்னு அப்படியே வரிசையா வச்சு எழுதிட்டேன். மேடம் என் நோட்ட எடுத்துப் பாத்துட்டு,

"இத இங்கிலீஷ்ல யோசிச்சு எழுதினியாம்மா?"

"ஆமா மேடம்."

"தமிழ்ல சொல்லிப் பாரு. நீ இல்லாதது...?"

"நீ இல்லாதது எனக்கு குறையா இருக்கு."

"குறையுறது யாரு?"

"நீ."

"யாருக்கு?"

"எனக்கு."

"அதத்தான் எழுது."

எழுதினேன். 'த்யு மெ மாங்க்.' நீ, எனக்கு, குறையுற. வார்த்தை வரிசை கூட அப்படியே வந்து உக்காந்துச்சு. இங்கிலீஷ் வழியா வந்தவங்க இந்த வாக்கியத்த தலகீழா இருக்குன்னு சொல்லி விதிவிலக்கு லிஸ்ட்ல போட்டு உருப்போடுவாங்க, நமக்கு அது தலகீழே இல்ல, நேராதான் இருக்கு. அப்புறம் பாத்தா இந்த 'எனக்கு' வாக்கியம் ஃப்ரெஞ்சுல நெறையவே இருக்கு. 'ஈல் மெ ஃபோ'ன்னா எனக்கு வேணும். 'ஸா மெ ப்ளே'ன்னா எனக்கு பிடிச்சிருக்கு. இங்கிலீஷ்ல ரெண்டுக்குமே 'நான்'னுதான் ஆரம்பிக்கணும்.

இன்னும் சொல்றேன். நீ, நீங்க வித்தியாசம் ஃப்ரெஞ்சுல 'த்யு', 'வூ'ன்னு அப்படியே இருக்கு, ஒருத்தருக்கே மரியாதைக்காக பன்மை போடுறதும் நம்ம மாதிரியேதான், யாருகிட்ட எத சொல்லணும்னு நமக்கு தனியா சொல்லித்தர வேணாம். புணர்ச்சி இருக்கு. 'மணி'யும் 'அடி'யும் சேரும்போது நடுவுல ஒரு ய் வந்து உக்காருதே, உடம்படுமெய், அதே மாதிரி 'ஆ'வும் 'ஈல்'லும் பக்கத்துல வந்தா நடுவுல ஒரு த் வந்து 'ஆ த் ஈல்', சேத்து சொன்னா 'ஆதீல்'னு ஆயிடும். ரெண்டு உயிரெழுத்து முட்டிக்கக் கூடாதுன்னு ரெண்டு மொழியும் ஒரே மாதிரி யோசிச்சிருக்கு. எட்டாம் கிளாஸ்ல நன்னூல் சூத்திரத்த எதுக்கு படிக்கிறோம்னே தெரியாம படிச்சேன், அது இங்க வந்து உதவும்னு கனவுல கூட நெனைக்கல. மூணு வருஷ பாடத்துல ஒரே ஒரு யூனிட்டாவது தமிழையும் ஃப்ரெஞ்சையும் பக்கத்துல வச்சு நடத்தியிருந்தா எத்தன பேருக்கு எவ்வளவு சுலபமா இருந்திருக்கும். நான் குறைச்ச அந்த ஒரு மார்க்ல பாதி இதுக்குதான்.

அதுக்காக தமிழ் எல்லாத்துக்கும் கை குடுக்கும்னு நெனச்சுடாதீங்க. ஆண்பால் பெண்பால்ல நம்ம மொழி துளி கூட உதவாது. நமக்கு மேஜையும் நாற்காலியும் அஃறிணை, அங்க மேஜை பெண், புத்தகம் ஆண், சூரியன் ஆண், நிலா பெண். சில வால் வச்சு கண்டுபுடிக்கலாம், 'ஸியோன்'னு முடியுறது பெண்பால், 'மான்'னு முடியுற பெயர்ச்சொல் ஏறக்குறைய எல்லாமே ஆண்பால், 'ஆஜ்'னு முடியுறதும் ஆண்பால்தான், ஆனா பக்கம், படம், கடற்கரை, கூண்டுன்னு தினமும் வர்ற வார்த்தைங்களே அந்த கடைசி விதிய மீறிட்டு பெண்பால்ல போய் நிக்கும். அப்புறம் 'லெ', 'லா', 'அன்', 'யுன்'னு இங்கிலீஷ் 'தி', 'எ' மாதிரி சின்ன வார்த்தைங்க ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னாடி நிக்கணும், தமிழ்ல அப்படி ஒரு சமாச்சாரமே கிடையாதா, மூணாவது வருஷம் வரைக்கும் எனக்கு கை தன்னால விட்டுட்டு போயிடும். 'நேத்து வந்த பையன்'னு நாம சுருக்கமா முடிக்கிறத அங்க 'கி', 'கெ', 'தோன்'னு வச்சு நீட்டி பின்னாடி கட்டணும். இதெல்லாம் எழுதி எழுதித்தான் வரும்.

எண்ணுங்க பத்தி ஒரு வரி. 70க்கு அறுபது பத்து, 80க்கு நாலு இருபது, 90க்கு நாலு இருபது பத்து. ஃப்ரான்ஸ்ல போன் நம்பர ரெண்டு ரெண்டு இலக்கமா சொல்லுவாங்க, லிஸனிங் டெஸ்ட்ல 'காத்ர் வாங்'னு கேட்டவுடனே 80ன்னு எழுதிடுவோம், உடனே பின்னாடியே 'தி ஸெத்' வரும், அப்ப அது 97. அடிச்சு திருத்துறதுக்குள்ள அடுத்த நம்பர் போயிருக்கும். பெல்ஜியத்துலயும் சுவிட்சர்லாந்துலயும் 70க்கும் 90க்கும் 'செப்தான்த்', 'நொனான்த்'னு நேரா ஒரே வார்த்தை வச்சிருக்காங்க, ஆனா பாடத்துல அது கெடையாது.

இப்ப டிக்டேஷன். ஃப்ரெஞ்சுல 'திக்தே'ன்னு சொல்லுவாங்க, இத நான் கொஞ்சம் விரிவா சொல்லணும் ஏன்னா இந்த கோர்ஸ்ல எனக்கு உண்மையா மொழிய கத்துக் குடுத்தது இதுதான். வாரத்துக்கு ஒரு நாள், ஒரு பத்தி. மேடம் முதல்ல முழுசா ஒரு தடவ வாசிப்பாங்க, பேனாவ யாரும் தொடக்கூடாது. அப்புறம் துண்டு துண்டா, ஒவ்வொரு துண்டும் ரெண்டு தடவ, கமா, புள்ளியெல்லாம் சேத்து சொல்லிட்டு போவாங்க. கடைசில இன்னொரு தடவ முழுசா. 20ல இருந்து ஒவ்வொரு தப்புக்கும் மார்க் கழியும். முதல் நாலு வாரம் எனக்கு பூஜ்யத்துக்கு மேல ஏறவே இல்ல. ஏன்னா காதுல கேக்குறது ஒரு சத்தம், பேப்பர்ல எழுத வேண்டியது இலக்கணம். 'பொண்ணுங்க வந்துட்டாங்க'ன்னு ஒரு வாக்கியம், 'லெ ஃபீய் ஸோன் தாரிவே'ன்னு காதுல விழும், அந்த கடைசி 'வே'க்கு அப்புறம் வந்தவங்க பெண்கள்ங்கிறதுக்கு ஒரு எழுத்து, பல பேருங்கிறதுக்கு ஒரு எழுத்து சேத்து எழுதணும், ரெண்டுமே சத்தம் போடாது. அப்ப என்ன ஆகுதுன்னா எழுதும்போதே வந்தது யாரு, எத்தன பேரு, ஆணா பெண்ணான்னு மனசு கணக்கு போட்டுட்டே இருக்கணும்.

இதுல உச்சம் என்னன்னா, 'நான் ஒரு கடிதம் எழுதினேன்'ங்கும்போது வினைச்சொல் மாறாது, 'நான் எழுதின கடிதம்'னு கடிதம் முன்னாடி வந்துட்டா வினைச்சொல்லுக்கும் பெண்பால் அடையாளம் போடணும், ஏன்னா கடிதம் பெண்பால். முதல்ல வெறும் 'எக்ரி', அடுத்தது 'எக்ரீத்'. இந்த வழக்கத்த 16ஆம் நூற்றாண்டு கவிஞர் க்ளெமான் மாரோ இத்தாலிய மொழியப் பாத்து கொண்டுவந்து பரப்பினாருன்னு சொல்லுவாங்க, இன்னைக்கு வரைக்கும் ஃப்ரெஞ்சுக்காரங்களே இதுல தடுமாறுவாங்க. ரெண்டாவது வருஷம் நடுவுல ஒரு நாள் இந்த மாதிரி ஒரு வாக்கியம் வந்துச்சு, நான் யோசிக்காமலே கை தானா அந்த எழுத்த போட்டுச்சு. 20க்கு 16. அந்த பேப்பர இன்னும் பத்திரமா வச்சிருக்கேன். சில காலேஜ்ல திக்தே பழைய முறைன்னு எடுத்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேன், எடுக்காதீங்கன்னு கெஞ்சிக் கேக்கணும் போல இருக்கு.

இலக்கியத்துக்கு வர்றேன். ரெண்டாவது வருஷத்துல இருந்து மொத்த கோர்ஸும் இலக்கியத்துக்கு திரும்பிடும், மோலியேர், வோல்தேர், ஹ்யூகோ, ஃப்ளோபேர், போத்லேர்னு நூற்றாண்டு வாரியா. கதைச் சுருக்கமும் ஆசிரியர் வாழ்க்கையும் மனப்பாடம் பண்ணி எழுதினாலே பாஸ் ஆகலாம், நெறைய பேர் அப்படித்தான் ஒப்பேத்துனாங்க. ஆனா 'எக்ஸ்ப்ளிகாசியோன் தெ தெக்ஸ்த்'னு ஒரு வேலை இருக்கு, ஒரு பக்கத்த எடுத்து வரி வரியா ஏன் இந்த வார்த்த, ஏன் இந்த காலம், ஏன் இங்க கமான்னு கேட்டுட்டே போறது. அதுலதான் உயிர் இருக்கு. 1942ல வந்த காம்யுவோட 'லேத்ரான்ஜே' நாவல்ல ஒரு பக்கத்த எடுத்து ஒரு மணி நேரம் வினைச்சொல்லோட காலத்த மட்டும் பேசினோம். ஃப்ரெஞ்சுல நடந்து முடிஞ்சத சொல்ல ரெண்டு வடிவம் இருக்கு, ஒண்ணு எழுத்துல மட்டும் வரும், கதை, சரித்திரம்லாம் அதுல எழுதுறது வழக்கம், இன்னொண்ணு வாயில பேசுறது. அவர் நாவல் பூரா அந்த பேச்சு வடிவத்துல எழுதியிருக்காரு. அதனால ஒவ்வொரு வாக்கியமும் பக்கத்து வாக்கியத்தோட ஒட்டாம தனித்தனியா நிக்குது, கதை சொல்றவனோட மனசும் அப்படித்தான் எதுலயும் ஒட்டாம நிக்குது. இத யாரும் நோட்ஸ்ல எழுதிக் குடுக்கல, கிளாஸ்ல பேசிப் பேசி நாங்களே கண்டுபுடிச்சோம், அன்னைக்கு பெல் அடிச்சும் யாரும் எழுந்திருக்கல.

எழுத்துக்கு ஒண்ணு, பேச்சுக்கு ஒண்ணுன்னு ரெண்டு தமிழ் வச்சிருக்குற நமக்கு இது சட்டுனு புரியும். நாவல செந்தமிழ்ல எழுதிட்டு இருந்த காலத்துல ஒருத்தர் முழுக்க பேச்சுத் தமிழ்ல கதை சொன்னா என்ன அதிர்ச்சியோ, கிட்டத்தட்ட அது.

1857ங்கிற ஒரே வருஷத்துல ஃப்ளோபேர் மேலயும் போத்லேர் மேலயும் அவங்க எழுதினது ஒழுக்கக் கேடுன்னு வழக்கு போட்டாங்க, ரெண்டுலயும் வாதாடினது ஒரே அரசு வக்கீல். ஃப்ளோபேர் தப்பிச்சாரு, போத்லேருக்கு அபராதம் விழுந்து ஆறு கவிதைய புத்தகத்துல இருந்து எடுக்கச் சொன்னாங்க, அந்த தீர்ப்பு ரத்தானது 1949லதான். இந்த மாதிரி பின்னணியோட படிக்கும்போது கவிதையே வேற மாதிரி கனக்கும்.

ஒரு வருத்தம், ஃப்ரான்சுக்கு வெளிய ஃப்ரெஞ்சுல எழுதுறவங்களுக்கு கடைசி செமஸ்டர்ல ஒரே ஒரு பேப்பர். மார்த்தினிக் தீவோட எமே செஸேர், செனகலோட முதல் ஜனாதிபதியாவும் பெரிய கவிஞராவும் இருந்த செங்கோர், அல்ஜீரியாவோட அஸ்ஸியா ஜெபார், எல்லாரையும் அவசர அவசரமா ஆளுக்கு ரெண்டு கிளாஸ்ல முடிச்சுட்டாங்க. 1635ல ஆரம்பிச்ச அகாதெமி ஃப்ரான்ஸேஸ், ஃப்ரெஞ்ச் மொழிய பாத்துக்குற, 40 பேருக்கு மேல உள்ள விடாத சபை, அதுவே செங்கோர 1983லயும் ஜெபார 2005லயும் உறுப்பினரா ஏத்துக்கிச்சு. இன்னைக்கு ஃப்ரெஞ்ச தினமும் பேசுறவங்கள்ல பாதிக்கு மேல இருக்குறது ஆப்பிரிக்காவுல. பாடத்திட்டம் மட்டும் இன்னும் பாரிஸ விட்டு நகர மாட்டேங்குது. அடுத்தவங்க மொழிய வாங்கி அதுலயே அவங்கள கேள்வி கேட்ட எழுத்து அது, எனக்கு மூணு வருஷத்துல மனசுக்கு ரொம்ப நெருக்கமா வந்ததும் அதுதான், அத ரெண்டு கிளாஸ்ல முடிச்சா எப்படி.

மொழி வரலாறு பேப்பர் பெரும்பாலானவங்களுக்கு போர், எனக்கு உயிர். ஃப்ரெஞ்சுன்னு சொல்லக்கூடிய மொழில கெடச்ச முதல் எழுத்து 842ல ஸ்த்ராஸ்பூர்ல ரெண்டு அரச சகோதரங்க எடுத்துக்கிட்ட சத்தியப் பிரமாணம். 1539ல வில்லெர் கோத்ரே ஆணை வந்து கோர்ட்டுலயும் பத்திரத்துலயும் லத்தீன தூக்கிட்டு ஃப்ரெஞ்ச வச்சுது. இப்படி படிச்சுட்டே வரும்போது கடன் வாங்கின வார்த்தைங்கன்னு ஒரு பாடம், அதுக்காக லைப்ரரில பெத்தி ரோபேர் அகராதிய பொரட்டிட்டு இருந்தேன், 'வெத்திவேர்'னு ஒரு வார்த்தை, பக்கத்துல தமிழ்ல இருந்து வந்ததுன்னு போட்டிருந்துச்சு. நம்ம வெட்டிவேர். அங்க போய் குடியேறியிருக்கு. அந்த பக்கத்த எத்தன தடவ திரும்பத் திரும்ப படிச்சேன்னு எனக்கே தெரியாது.

சரி, பேச்சு. அரை மார்க் முதல்லயே போச்சுல்ல, மீதி அரை இங்க. வாரத்துக்கு ஒரு பீரியட், கிளாஸ்ல அம்பது பேர், ஆளுக்கு ஒரு நிமிஷம் கூட வராது. வாய்மொழித் தேர்வுன்னா என்னப் பத்தி, என் குடும்பம் பத்தி, என் பொழுதுபோக்கு பத்தின்னு எல்லாரும் எழுதி மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறது. மூணாவது வருஷம் ஃப்ரெஞ்ச தாய்மொழியா பேசுற ஒரு அம்மா டிபார்ட்மென்ட்டுக்கு வந்தாங்க. ரொம்ப அன்பா பேசினாங்க. எனக்கு அதுல பாதிக்கு மேல புரியல. 'எனக்குத் தெரியல'ங்கிறதுக்கு நாங்க படிச்சது 'ஜெ நெ சே பா', அவங்க வாயில வந்தது 'ஷே பா'. 'நாங்க'ன்னு சொல்ல புக்குல 'நூ', அவங்க 'ஓன்'னு சொல்லிட்டு போறாங்க. அந்த 'நெ' பேச்சுல வர்றதே இல்ல. செந்தமிழ் மட்டும் படிச்சுட்டு வந்த வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் நம்ம வீட்டுப் பேச்ச முதல் தடவ கேட்டா எப்படி முழிப்பாரோ, அந்த நிலமைதான் எனக்கு. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல, மூணு வருஷம் படிச்சது என்னத்தன்னு மனசு அடிச்சுக்கிச்சு.

அதுக்கப்புறம் நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு முடிவு பண்ணோம், தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் ஃப்ரெஞ்சுல மட்டும்தான் பேசணும், தப்பானாலும் நிறுத்தக்கூடாது, திருத்தம் கடைசில. அதோட ஃப்ரான்ஸோட ஆர்எஃப்ஐ வானொலில தினமும் எளிய ஃப்ரெஞ்சுல ஒரு பத்து நிமிஷ செய்தி வரும், இலவசம்தான், அத முதல்ல சும்மா கேக்குறது, அப்புறம் எழுத்து வடிவத்த பாத்துட்டே கேக்குறது, மூணாவது தடவ அவங்க கூடவே வாய்விட்டு சொல்றது. டிவி5மோந்த்ங்கிற ஃப்ரெஞ்ச் டிவி சேனலோட சைட்லயும் லெவல் வாரியா வீடியோவும் பயிற்சியும் இருக்கு. ஆறு மாசம் இப்படி போச்சு. கோர்ஸ் குடுக்காதத இந்த ஆறு மாசம் குடுத்துச்சு, ஆனா கோர்ஸ் போட்ட இலக்கண அஸ்திவாரம் இல்லாம இந்த ஆறு மாசம் பலிச்சிருக்காதுங்கிறதையும் சொல்லணும், அதுதான் நியாயம்.

டெல்ஃப் பரீட்சை பத்தி எல்லாரும் கேப்பாங்க. ஐரோப்பிய கவுன்சில் 2001ல வெளியிட்ட மொழி எவ்வளவு தெரியும்னு அளக்குற, ஏ1ல இருந்து சி2 வரைக்குமான ஆறு படிதான் இப்ப எல்லா இடத்துலயும் கணக்கு, டெல்ஃப் பி2 வரைக்கும், அதுக்கு மேல டால்ஃப். ஃப்ரெஞ்ச் கல்வி அமைச்சகத்தோட சான்றிதழ், ஒரு தடவ பாஸ் பண்ணா ஆயுசுக்கும் செல்லும். கேக்குறது, படிக்குறது, எழுதுறது, பேசுறதுன்னு நாலு பகுதி, ஒவ்வொண்ணும் 25, மொத்தத்துல 50 எடுத்தா பாஸ், ஆனா எந்த ஒரு பகுதிலயும் 5க்கு கீழ போகக்கூடாது. பி.ஏ. மார்க் ஷீட் என்ன சொன்னாலும் வெளிய வேலைக்கோ ஃப்ரான்ஸ்ல மேல படிக்கவோ போனா முதல்ல கேக்குறது உன் லெவல் என்னன்னுதான், அங்க யூனிவர்சிட்டிங்க பொதுவா பி2 எதிர்பாக்குறாங்க. அதனால டிகிரியோட டெல்ஃபையும் சேத்தே திட்டம் போடுங்க, ரெண்டாவது வருஷ கடைசில பி1, மூணாவது வருஷத்துல பி2ங்கிறது நடக்கக்கூடிய கணக்குதான். எனக்கு பி2ல எழுத்துல நல்ல மார்க் வந்துச்சு, பேச்சுல தட்டுத்தடுமாறி வந்துச்சு, காரணம் மேல சொன்னதுதான்.

புக்ஸ்னு பாத்தா வினைச்சொல்லுக்கு பெஷ்ரெல் ஒண்ணு போதும். இலக்கண சந்தேகத்துக்கு கடைசி தீர்ப்பு க்ரெவிஸ் எழுதின 'லெ போன் யுஸாஜ்', 1936ல முதல்ல வந்தது, அவர் ஒரு பெல்ஜியம்காரர். சொந்தமா வாங்க வேணாம், லைப்ரரில இருந்தா போதும்.

வேலை? டீச்சிங், மொழிபெயர்ப்பு, கம்பெனிங்கள்ல ஃப்ரெஞ்ச் வாடிக்கையாளர்கள பாத்துக்குற வேலை, இதான் நேரா வர்றது. மெஷின் மொழிபெயர்ப்பு வந்ததுக்கப்புறம் சாதாரண மொழிபெயர்ப்பு வேலை நெலச்சு நிக்கும்னு நான் நம்பல, ஆனா சட்டம், மருத்துவம், கணக்குன்னு இன்னொரு துறைய சேத்து கத்துக்கிட்டவங்களுக்கு வேலை இருக்கு, நானே இப்ப அப்படித்தான் ஓட்டிட்டு இருக்கேன். மொழி மட்டும் போதும்னு இருந்துடாதீங்க.

யாரு சேரலாம்னா, படிக்கப் பிடிச்சவங்க, ஒரு வாக்கியம் ஏன் அப்படி இருக்குன்னு யோசிக்கிறதுல சந்தோஷம் இருக்கிறவங்க கண்ண மூடிட்டு சேருங்க. பேச்சு மட்டும் வேணும், விசாவுக்கு வேணும்னு வர்றவங்க மூணு வருஷத்த இதுல போடாதீங்க, தனியா கிளாஸ் போய் டெல்ஃப் எழுதிடுங்க. சேர்றதுக்கு முன்னாடி டிபார்ட்மென்ட்ல நேரா போய் பேச்சுப் பயிற்சிக்கு வாரத்துக்கு எத்தன மணி நேரம், ஒரு பேட்ச்ல எத்தன பேர், வாய்மொழித் தேர்வுல முன்னாடியே தெரிஞ்ச கேள்வியா புதுசா கேப்பாங்களான்னு கேளுங்க, இப்ப படிச்சுட்டு இருக்குற பசங்ககிட்டயும் தனியா கேளுங்க, அவங்க உண்மைய சொல்லிடுவாங்க.

ஏற்கனவே சேர்ந்துட்டவங்களுக்கு, முதல் நாள்லயே ஒரு நோட்டு போடுங்க. எந்த பெயர்ச்சொல்லையும் தனியா எழுதாதீங்க, லெ அல்லது லா சேத்தே எழுதுங்க, ஆண்பால் நீலப் பேனா, பெண்பால் சிவப்புப் பேனா. இத நான் ரெண்டாவது வருஷம்தான் ஆரம்பிச்சேன், அதுக்குள்ள தப்பா பழகின வார்த்தைங்கள திருத்துறதுக்கே ஒரு வருஷம் போயிடுச்சு. முதல் பக்கத்துல முதல் வார்த்தையா நீல மையில 'லெ வெத்திவேர்'னு எழுதிக்கோங்க. ஆண்பால். கடைசில வர்ற அந்த 'வேர்'ல ர் மட்டும் தொண்டையில இருந்து வரட்டும்.